கண்ணில்லாத மந்தை

நரிக்குடி வாசக நண்பருக்கு,

அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை போட வந்த செம்மறிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கீதாரி குரல் கொடுத்ததும் கண்மாய்க்கரையில் மந்தை மொத்தமும் திரும்புகிறதே, எந்த ஆடு அதற்குத் தலைமை என்று கேட்டிருந்தீர்கள். தலைமையே இல்லாமலும் ஒரு கூட்டம் ஒரே திசையில் போகும். அதற்கு உயிர்கூட வேண்டியதில்லை.

1995-இல் ஹங்கேரியின் விச்செக் குழுவினர் கணினியில் நகரும் புள்ளிகளுக்கு ஒரே ஒரு விதியை வைத்துப் பார்த்தார்கள்: பக்கத்தில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ, ஏறத்தாழ அந்தப் பக்கம் போ. நெரிசல் கூடியதும் கூட்டம் ஒருமுகப்பட்டது. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தைப் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டார்கள்.

என்னை அசத்தியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த சோதனை. நிதின் குமார், ஹர்ஷ் சோனி, ஸ்ரீராம் ராமசாமி, அஜய் சூட் ஆகியோர் 2014-இல் வெளியிட்டது. 4.5 மி.மீ. நீளப் பித்தளைக் குச்சிகள். ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. தட்டில் போட்டு மேலும் கீழுமாக அதிரவிட்டால், அந்த ஏறுமாறான வடிவத்தாலேயே ஒவ்வொன்றும் நீளவாக்கில் ஒரு பக்கமாக நகரும். சுவரை ஒட்டிப் போய்த் தேங்கிவிடக்கூடாதென்று தட்டின் விளிம்பைப் பூவிதழ் போல வளைத்திருந்தார்கள்.

குச்சிகளுக்கு இடையே 0.8 மி.மீ. அலுமினியக் குண்டுகளைப் பரப்பினார்கள். குண்டுகளுக்குச் சொந்த நடை கிடையாது. குண்டுகள் குறைவாக இருந்தபோது குச்சிகள் தத்தம் வழியே அலைந்தன. குண்டுகள் நெருங்க நெருங்க, தொலைவில் தனித்தனியே கிடந்த குச்சிகள்கூட ஒரே பக்கம் திரும்பின. நகரும் குச்சி குண்டுகளை இழுக்கிறது. அந்த ஓட்டம் இன்னொரு குச்சியைத் தன் போக்கில் திருப்பிவிடுகிறது. குண்டுகள் போதுமான அளவு நெருங்கியிருந்தால், மிகச் சில குச்சிகளே மொத்தத் தட்டையும் ஓட்டிச் செல்லும். திசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நாம் சும்மா கிடப்பதாக நினைக்கிற குண்டுகள்தான்.

ஆடு பித்தளை இல்லை. அதற்குக் கண்ணுண்டு, பயமுண்டு, பசியுண்டு. ஆனாலும் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் இடம் மாற்றிக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. முன்னால் போகும் ஆட்டை விடுங்கள். நடுவில் தலை தாழ்த்தி, முன்னால் போகும் ஆடு தெரியாமல் உரசி நடக்கும் ஆடுகளைக் கவனியுங்கள். திருப்பம் அவற்றை எட்டுவது பார்வையாலா, விலா இடிப்பதாலா? அதை அருகிருந்து பார்க்கிறவர் நீங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

அன்புடன்.