மரத்த விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்போது

உடைந்த கண்ணாடி கிழித்ததில் என் வலது மணிக்கட்டில் மீடியன் நரம்பு அறுந்தது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி எல்லாம் மரத்துப்போயின. மைக்ராஸ்கோப் வைத்து நரம்பைத் தைத்தார்கள். அதன்பின் வந்த நீண்ட காத்திருப்பில் நான் கற்றவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாள்கணக்கு பார்க்காதீர்கள்

நரம்பு அறுந்தால், வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் அழிந்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதைக் கண்டறிந்தார். இழை போனாலும் அதைச் சுற்றியிருந்த குழாய் மிஞ்சும். மேலிருந்து புதிய இழை அதற்குள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ந்து இறங்கும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். தையல் பிரித்ததும் உணர்ச்சி வரவில்லையே என்று கலங்க வேண்டாம்.

தட்டிப் பாருங்கள்

நரம்பு போகும் வழியில் விரலால் மெல்லத் தட்டினால், புதிய இழையின் முனை இருக்கும் இடத்தில் சுரீரென்று விரல்வரை பாயும். 1915இல் ஜூல் டினெல் விவரித்த சோதனை இது. அந்தச் 'சுரீர்' மாதாமாதம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றாகத்தான் வரும்

பொதுவாக வலியும் சூடு குளிர்ச்சியும் முதலில் திரும்பும். அடுத்து, தோலில் நகரும் தொடுகை. பிறகு அசையாமல் வைத்த விரலின் தொடுகை. அடுத்தடுத்து வைத்த இரு முனைகளை இரண்டென்று பிரித்தறிவது கடைசி. இடையில் எனக்குச் சட்டைத் துணி பட்டாலே எரிந்தது. ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் 1903இல் தன் இடது முன்கை நரம்பைத் தானே முன்வந்து வெட்டித் தைக்கச் செய்து, ரிவர்ஸ் என்ற நண்பருடன் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். அவருக்கும் முதலில் வந்தது இப்படித் துல்லியமில்லாத, கூச்சம் மிகுந்த உணர்ச்சிதான். படிக்கும்போது எனக்குப் பெரிய ஆறுதல்.

மூளைக்கும் பயிற்சி வேண்டும்

புதிய இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேருவதில்லை. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதாக எனக்குத் தெரிந்தது. எது எந்த விரல் என்று மூளைக்கு மறுபடி கற்பிக்க, தெரபிஸ்ட் சொன்னபடி, கண்ணைத் திறந்து விரலைத் தடவுவேன், கண்ணை மூடித் தடவுவேன், மறுபடி திறந்து சரிபார்ப்பேன். பிறகு பஞ்சு, துண்டு, உப்புத்தாள் ஆகியவற்றைத் தடவிப் பார்த்தேன். அதன்பின் அரிசிக்குள் புதைத்த சாவி, பட்டன், நாணயத்தைத் தடவியே கண்டுபிடித்தேன். ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிட, தினமும் பலமுறை சில நிமிடங்கள் செய்வதே பலன் தந்தது.

மரத்த கையைக் காப்பாற்றுங்கள்

வலி தெரியாத கைக்குக் காயம் தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் உணர்ச்சியின்றிப் படும் காயங்களே என்று அவர் காட்டினார். எனவே:

- வெந்நீரை மற்ற கையால் தொட்டுப் பாருங்கள்.
- சூடான பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் தூக்காதீர்கள்.
- தினமும் விரல்களில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.
- குளிரில் கை வலித்தால் கையுறை போடுங்கள். இந்தக் குளிர்த்தொல்லை பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.
- புகைபிடிப்பவர்கள் நிறுத்திவிடுங்கள்.

பெரியவர்களுக்கு உணர்ச்சி முழுமையாகப் பழையபடி திரும்புவது அரிது. எனக்கும் திரும்பவில்லை. ஆனால் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவி எது, நாணயம் எது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். தையல் மருத்துவரின் வேலை, வளர்ச்சி நரம்பின் வேலை. பயிற்சியும் காவலும் உங்கள் வேலை. ஒருநாள்கூட அவற்றை விட்டுவிடாதீர்கள்.