12 வோல்ட் வந்தால் மட்டும் போதாது: எஸ்எம்பிஎஸ் ஃபீட்பேக்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள–தமிழக எல்லை ஊர்களில் ஏப்ரல்–மே கோடை இடியும் அக்டோபர்–நவம்பர் துலாவர்ஷ இடியும் அடித்து ஓய்ந்தால், ரிப்பேர் மேசையில் அடாப்டரும் சார்ஜரும் குவியும். கிடைத்த ஐசி, ஆப்டோ, கெப்பாசிட்டரைப் போட்டதும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அது சராசரி மட்டுமே. ஃபீட்பேக் லூப் உள்ளே ஆடிக்கொண்டிருந்தால் மீட்டருக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் மாஸ்ஃபெட் வெடிக்கும். கூடவே கேமராவோ ரூட்டரோ போகும். புதிதாக டிசைன் செய்தாலும் பழையதைச் சரிசெய்தாலும் இவற்றை இன்றே கடைப்பிடியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. கன்ட்ரோல் முறை எது என்று முதலில் பாருங்கள். யூசி3842 போன்ற கரன்ட் மோடுக்குப் பெரும்பாலும் டைப்-2 காம்பன்சேஷன் போதும். வோல்டேஜ் மோடில் சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஃபேஸை 180 டிகிரி வரை பின்னுக்கு இழுப்பதால் டைப்-3 தேவைப்படும்.

2. வேரியாக்கில் 170 முதல் 270 வோல்ட் வரை முழு லோடில் ஓட்டுங்கள். லைன் வோல்டேஜ் இறங்கினால் டியூட்டி ஏறும். தடுமாற்றம் அங்கேதான் தொடங்கும்.

3. கரன்ட் மோடில் டியூட்டி 50 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்லோப் காம்பன்சேஷன் சேருங்கள். இல்லையேல் ஒரு பல்ஸ் அகலமும் அடுத்தது ஒடுக்கமுமாக வந்து டிரான்ஸ்ஃபார்மர் கீச்சிடும்.

4. கன்டினியுவஸ் மோட் ஃப்ளைபேக்கில் கிராஸ்ஓவரை ஆர்எச்பி (ரைட் ஹாஃப் பிளேன்) ஜீரோவின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். இந்த ஜீரோவால், டியூட்டியை ஏற்றியதும் அவுட்புட் முதலில் ஒரு கணம் இறங்கும். அவசரப்படும் லூப் இன்னும் ஏற்றி ஆடத் தொடங்கும்.

5. ஃபேஸ் மார்ஜினுக்கு 60 டிகிரியைக் குறிவையுங்கள். 45-க்குக் கீழே விடாதீர்கள். சூட்டிலும் வயதிலும் உதிரிகளின் மதிப்பு மாறும்.

6. இந்த மார்ஜினை அளக்க அனலைசர் இல்லையென்றால் லோடைப் பாதியிலிருந்து முழுதுக்குச் சட்டென்று ஏற்றி ஸ்கோப்பில் பாருங்கள். ஒரே சரிவோடு அடங்கினால் நல்லது. நாலைந்து முறை அலைந்தால் மார்ஜின் குறைவு.

7. டிஎல்431-க்குக் குறைந்தது 1 மில்லிஆம்பியர் கிடைக்கச் செய்யுங்கள். ஆப்டோவின் எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம் போட்டால் போதும். கரன்ட் போதாவிட்டால் ரெகுலேஷன் நழுவும்.

8. ஓவர் வோல்டேஜ் தடுப்பைத் தனியாக வையுங்கள். ஆப்டோ அறுந்தால் ஃபீட்பேக்கே இல்லை. அவுட்புட் தறிகெட்டு ஏறும்.

செய்யக்கூடாதவை

1. வேறு போர்டின் ஆர்சி மதிப்புகளைக் காப்பியடிக்காதீர்கள். சோக்கோ கெப்பாசிட்டரோ லோடோ மாறினால் லூப்பின் போல் (pole), ஜீரோ (zero) இரண்டும் இடம் மாறும்.

2. பிசி817ஏ ஆப்டோ இருந்த இடத்தில் பிசி817சி போடாதீர்கள். ஏ-யின் கரன்ட் டிரான்ஸ்ஃபர் 80–160 சதவீதம், சி-யின் அளவு 200–400. லூப் கெயின் சுமார் இரண்டரை மடங்காகும்.

3. மைக்ரோஃபாரட் மட்டும் பார்த்து அவுட்புட் கெப்பாசிட்டரை மாற்றாதீர்கள். 1000 மைக்ரோஃபாரடில் இஎஸ்ஆர் 0.05 ஓமிலிருந்து 0.01-க்கு இறங்கினால், அது உண்டாக்கும் ஜீரோ 3.2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 16-க்குத் தாவும். அது தந்துவந்த ஃபேஸ் கிடைக்காது.

4. 3842-க்குப் பதில் 3844 போடாதீர்கள். டியூட்டி 50 சதவீதத்தில் நின்றுவிடும். அதே ஆர்சியில் ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சியும் பாதியாகும்.

5. சீரீஸ் பல்பை வைத்துக்கொண்டே லூப்பைச் சோதிக்காதீர்கள். முதல் பவர் கொடுக்க அது நல்ல காவல். லோடு ஏறும்போது இன்புட்டை இறக்கித் தவறான ஆட்டம் காட்டும்.

6. ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைப் பிரைமரியில் மாட்டாதீர்கள். எர்த் பின்னையும் வெட்டாதீர்கள். முதலாவது ஷார்ட், இரண்டாவது ஷாக். போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

7. பிளக்கை உருவியதும் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் லைனில் மெயின் கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் டிசி பிடித்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் அளந்த பிறகே தொடுங்கள்.

8. குறைந்த வோல்டேஜில் லோடு ஏற்றிப் பார்க்காத எந்தப் போர்டையும் கொடுத்தனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் வீட்டில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில்தான் அது கைவிடும். எரிவது அவர் காசு.