பரணில் இருந்து தொடங்கு

மகளே, "பெரியம்மா, கிறிஸ்துமஸுக்கு வீட்டை எதில் இருந்து ஆயத்தப்படுத்த?" என்று போன வாரம் போனில் கேட்டாய். அப்போது அடுப்பில் பால் பொங்கி வந்தது. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தனிக்குடித்தனம் போய் உனக்கு இது முதல் பண்டிகை. 1976இல் ஏரல் பக்கத்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததில் இருந்து நானும் பண்டிகை நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாக நடத்தினேன் என்று சொல்லமாட்டேன். எங்கெங்கே வழுக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

1. முதலில் பரணில் ஏறு. டிசம்பரில் அல்ல, புரட்டாசியிலேயே. ஸ்டார், சீரியல் செட், குடில் பொம்மைகள், பெரிய வாணலி, பலகார டின்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, எது இருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று பார். ஒரு வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி சாயங்காலம், தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் எங்கள் ஸ்டாரை விரித்தேன். ஐந்து முனையில் இரண்டை எலி தின்றிருந்தது. சீரியல் செட் ஒரே சிக்கல். உன் அண்ணனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் அழுத அழுகைக்கு நான் எலியைத் திட்டினேன். எலி என்ன செய்யும்? முந்தின ஜனவரியில், விருந்தாளிகள் போன அலுப்பில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்து மேலே எறிந்தது நான்தானே. அலுப்பில் கட்டியது அழுகையில் அவிழும். வயரை ஓர் அட்டையில் சுற்று, பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள், பழைய வேட்டித் துணியில் பொதிந்து வை. அடுத்த பண்டிகைக்கு முதல் வேலை இந்த ஜனவரியிலேயே முடிந்துவிடும்.

2. சுவருக்கு வெள்ளையடிக்க நினைத்தால் ஐப்பசி பிறக்கும் முன்னே ஆளைக் கூப்பிடு. நம் பக்கத்துக்கு மழையே ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வெளியூர்க்காரர்கள் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெயின்ட் அடிக்கலாம். நாம் அடித்தால் சுவர் காயாது. இதைத் தெரிந்துகொண்டே ஒரு வருஷம் கார்த்திகை பாதி வரை தள்ளிப்போட்டேன். சுண்ணாம்பு அடித்த அன்று ராத்திரியே அடைமழை. பண்டிகையன்று வாழ்த்து சொல்ல வந்த ஐயரம்மா, அதாவது எங்கள் சபைப் போதகரின் மனைவி, திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எழுந்தபோது மெரூன் பட்டுச் சேலையின் முதுகில் எங்கள் வீட்டுச் சுவர் முழுசாக இருந்தது. வெள்ளையடித்தவரைத்தான் ஊரெல்லாம் குறை சொன்னேன். பொங்கலுக்கு அப்புறம் அவரைத் தெருவில் பார்த்தபோது, "அம்மா, நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். சொல்லியிருந்தார், உண்மைதான். தாமதம் உன்னுடையது என்றால் பழியையும் நீயே வைத்துக்கொள். கூலிக்காரர் தலையில் அதை ஏற்றாதே.

3. பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். போனஸ், தள்ளுபடி, புதுத்துணி எல்லாம் தீபாவளியை ஒட்டியே வந்துபோகும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் கையில் இருந்தது கரைந்திருக்கும். ஆகையால் நம் வீடுகளில் மாதாமாதம் கிறிஸ்துமஸ் சீட்டுக் கட்டுவோம். எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த வருஷம், உன் பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சீட்டில் சேர்ந்தேன். டிசம்பரில் மொத்தமாகக் கையில் கொடுத்து அவரை அசத்த வேண்டும் என்று ஆசை. நவம்பரில் சீட்டுப் பிடித்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கம்மலை அடகு வைத்துத் துணி எடுத்தேன். கவரிங் கம்மலைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பிப்ரவரியில் அடகுச்சீட்டு உன் பெரியப்பா கையில் அகப்பட்டது. அவர் சத்தம் போடவில்லை. "போனது பணம், என்கிட்ட சொல்ல ஏன் தோணல?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்று வரை பதில் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு நோட்டைப் போட்டு, ஒரே நோட்டில் இரண்டு பேர் கையெழுத்திலும் கணக்கு எழுதுங்கள். முதல் வரியில் காணிக்கை, இரண்டாவது வரியில் வீட்டுவேலைக்கு வருகிற அக்காவுக்குக் கொடுப்பது, மூன்றாவதில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் துணி. உனக்கு எடுக்கும் சேலை அதற்கு அப்புறம் வரட்டும். கடைசியில் எழுதிய சேலையை உடுத்தும்போது ஒரு நிம்மதி இருக்கும், பார்.

4. தையற்கடைக்கு அட்வெந்து ஞாயிறுகள் தொடங்கும் முன்னே துணியைக் கொடுத்துவிடு. டிசம்பர் பத்துக்கு மேல் போய் நின்றால், எவ்வளவு பழகிய தையற்காரராக இருந்தாலும் தலையை நிமிர்த்தாமலே கையை விரிப்பார்.

5. பலகாரம். முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சு முறுக்கு மூன்றும் இல்லாமல் நமக்குப் பண்டிகை இல்லை. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே; முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துத் திரிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். அச்சைக் காய்கிற எண்ணெயிலேயே வைத்திருந்து நன்றாகச் சூடேற்று. பிறகு மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கு. மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அது அச்சைக் கவ்விக்கொள்ளும், எண்ணெயில் எத்தனை ஆட்டினாலும் கழலாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைவிட, நான் கெடுத்த பிறகு எனக்கே புரிந்தது என்பதே சரி. அச்சு அவர்களுடையது, அவர்களுக்குத் தாய்வீட்டுச் சீதனமாக வந்த பித்தளை அச்சு. ஒவ்வொரு முறுக்காகச் சுட்டு, கழன்று விழுந்ததைத் திருப்பி, பொன்னிறம் பார்த்து எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, பிறகுதான் அடுத்தது. ஒரு வருஷம் ராத்திரி பத்து மணி. இன்னும் அரைப்பானை மாவு. "நீங்க போய்ப் படுங்க அத்தை, இப்படிச் சுட்டா விடிஞ்சிரும்" என்று அச்சை அவர்கள் கையில் இருந்து வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். அவசரத்தில் அச்சு காயவில்லை, முழுசாக மாவில் முக்கினேன். பத்து முறுக்கு கத்தியால் சுரண்டித்தான் வந்தது. அத்தை அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கூப்பிட்டேன். "நீயே சுடு தாயி, எனக்குக் கை நடுங்குது" என்றார்கள். கை நடுங்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதன் பிறகு ஆறு பண்டிகைக்குத் தனியாகவே சுட்டேன்.

உன் மாமியார் பண்டிகைக்கு உன் வீட்டுக்கு வருவார்கள். டின் துடைப்பார்கள், அலமாரிக்குப் பேப்பர் விரிப்பார்கள். கோணலாக விரித்திருந்தாலும் அவர்கள் கண்முன் அதை எடுத்துத் திரும்ப விரிக்காதே. அவர்கள் போன பிறகும் விரிக்காதே.

6. கேக்கை நீ வீட்டிலேயே சுடுவாய், உன்னிடம் ஓவன் இருக்கிறது. எங்கள் காலத்தில் மாவைக் கலக்கி டிரேயில் ஊற்றி பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவோம். ஒரு வருஷம் டிரே மாறிப்போய், யாரோ முந்திரியும் செர்ரியும் அள்ளிப் போட்ட கேக் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் கேக்கில் இருந்ததெல்லாம் திராட்சையும் பூசணிப் பேட்டாவும்தான். திருப்பிக் கொடுக்கப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இதில் உனக்கு அறிவுரை ஒன்றும் இல்லை, ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

7. தட்டுகளை எண்ணி வை. தீபாவளிக்கு உனக்கு எந்த வீடுகளில் இருந்து பலகாரத் தட்டு வந்ததோ அதை அன்றே நோட்டில் குறித்துக்கொள். தட்டில் பேர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, அவரவர் தட்டு அவரவர் வீட்டுக்கே போகட்டும். வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது கடன் அடைப்பது மாதிரி. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வருஷம் சாவு விழுந்த வீடு ஒன்று தெருவில் இருக்கும். அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குத் தட்டு 24ஆம் தேதிக்கு முன்னமே போக வேண்டும். சின்னப்பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பாதே. நீயே போ, உட்கார், கொஞ்ச நேரம் சும்மா இரு. உன் பெரியப்பா இறந்துபோன வருஷம் எனக்குப் பதினேழு வீட்டில் இருந்து தட்டு வந்தது. யார் யார் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள் என்பதுதான் இன்றும் ஞாபகம்.

8. பண்டிகைக்கு முந்தின வாரம் கேரல்ஸ் பாடுகிற பிள்ளைகள் உன் வாசலுக்கு ராத்திரி ஒரு மணிக்கும் வருவார்கள், இரண்டு மணிக்கும் வருவார்கள். பிளாஸ்கில் கட்டங்காப்பியும் கவரில் காணிக்கையும் படுக்கும் முன்னே எடுத்து வை. ஒரு வருஷம் உடம்பு அசதியில் விளக்கை அணைத்துவிட்டு, தூங்குவதுபோல் கிடந்தேன். அவர்கள் போய்விடவில்லை. பூட்டிய கதவைப் பார்த்து மூன்று பாட்டும் முழுசாகப் பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் இருட்டிலேயே ஆடினான், ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். எழுந்துபோகக் கூச்சமாகிவிட்டது. கடைசியில் ஜெபம் செய்து, வீட்டில் உள்ளவர்களை ஆசீர்வதியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

9. மழைக்குப் பயந்து நட. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்கு எட்டு நாள். அந்த வருஷம்போல நான் என்றுமே நேரத்துக்கு எல்லாம் முடித்ததில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது, ஐந்து டின் பலகாரம், தைத்த துணி பீரோவில். விடாமல் மழை. காயல்பட்டினத்தில் மறுநாள் காலைக்குள் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். நம் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரை உடைத்து வந்தது. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு ஏறிவிட்டது. தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு அனுப்புகிற எதிர்வீட்டு மாடியில் மூன்று நாள் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் முறுக்கு டின் ஒன்று தெருவில் மிதந்து போகிறது. எதிர்வீட்டம்மா, "உங்க டின்தானே?" என்று கேட்டார்கள். அந்த நேரத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

தண்ணீர் வடிந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு சகதி. கோவிலிலும் அப்படித்தான். 25ஆம் தேதி ஆராதனைக்கு, யாரோ கொடுத்த பூப்போட்ட நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர்களும் அதே கோலம். யாரும் யாருடைய உடுப்பையும் பார்க்கவில்லை. ஆகவே பத்திரம், ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு, எட்டும் உயரத்தில் மேலே வை. பலகார டின்னும் பரணுக்கே போகட்டும். மற்றது நம் கையில் இல்லை.

10. 24ஆம் தேதி சாயங்காலம் கறிக்கடைக்குச் சொல்லியாயிற்றா, தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறதா, ஐந்து பேர் இருந்தால் ஒரு குளியலறையில் யார் முதலில் என்பது முடிவாயிற்றா, இவ்வளவு பார்த்தால் போதும். விடிகாலை நாலு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். கடைசியாகக் குளிக்கிற ஆள் நீயாக இரு. ராத்திரி பத்துக்கு மேல் ஒட்டடை ஒன்று கண்ணில் பட்டால் கண்ணை மூடிக்கொள். ஒரு வருஷம் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் திரையை மாற்றிக்கொண்டிருந்தேன். பிரசங்கம் முழுவதும் தூங்கி, பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளை என்னை இடித்து எழுப்ப வேண்டியதாயிற்று. திரை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. வெள்ளத்துக்கு அப்புறம் சகதியை அள்ளும்போது மண்வெட்டியில் ஏதோ இடறியது. அத்தையின் அச்சு. புளி போட்டுத் தேய்த்து, எண்ணெயில் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பிடி கொஞ்சம் ஆடும், துணி சுற்றிப் பிடித்துக்கொள். நவம்பரில் ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வா.