லேடீஸ் ஃபிரேம் தேடி அலையாதீர்கள்

“லேடீஸ் ரோட் பைக் எங்கே கிடைக்கும்?” சென்னைப் புறநகரில், கேம்ப் ரோடு பக்கம் புதிதாக ரோட் பைக் வாங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். காரணமும் கையோடு வைத்திருப்பார்கள். “நமக்குக் கால் நீளம், இடுப்புக்கு மேலே குட்டை. ஆண்கள் ஃபிரேம் ஒத்துவராதாம்.” யார் சொன்னது? கடைக்காரர் சொன்னார், கணவரின் நண்பர் சொன்னார், யூடியூபில் யாரோ சொன்னார்கள். அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. நான் பிசியோதெரபிஸ்ட். உடம்பை அளப்பதுதான் என் வேலை. அளக்காமல் சொல்லப்படும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது உள்ள உயரத்தை அவருடைய முழு உயரத்தால் வகுப்பது மிகப் பழைய கணக்கு. விடை பெரிதாக வந்தால் மேலுடல் நீளம், சிறிதாக வந்தால் கால் நீளம். வளர்ந்த ஆண், பெண் இருவருக்கும் இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். சராசரியில் ஒரு இழை வித்தியாசம் வந்தாலும், பெண்ணுக்குத்தான் மேலுடல் சற்று நீளம் என்று வரும். ஊரெல்லாம் பேசுவதற்கு நேர் எதிர்! ஒரே உயரமுள்ள இரண்டு பெண்களை நிறுத்தி அளந்தால் அவர்களுக்குள் இருக்கும் வேறுபாடு, ஆண் பெண் சராசரிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அப்படியிருக்க எல்லாப் பெண்களுக்கும் ஒரே வகை ஃபிரேம் எப்படிப் பொருந்தும்?

இந்தக் கதை வந்த வழி வேறு. அமெரிக்காவில் ஜார்ஜினா டெரி என்ற பொறியாளர் 1985-ல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பிடித்த பிரச்சினை உண்மையானது: உயரம் குறைந்தவர்களுக்குச் சரியான ரோட் பைக்கே இல்லை. முன்சக்கரத்தை 24 அங்குலமாகச் சிறிதாக்கி ஃபிரேமைச் சுருக்கினார். பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து, அதைப் ‘பெண்ணின் உடல்வாகு’ என்று விளம்பரமாக்கின. அவற்றில் ஒன்றான ஸ்பெஷலைஸ்டு, ஆயிரக்கணக்கானவர்களை அளந்து சேர்த்த தகவலை வைத்து, 2019 வாக்கில் அந்தப் பிரிவினையையே கைவிட்டது. ஒரே ஃபிரேம், சீட்டும் ஹேண்டில் பாரும் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி என்பது அதன் முடிவு. ஜயண்ட் நிறுவனம் 2008-ல் தொடங்கிய லிவ் பிராண்டோ இன்னும் பெண்களுக்குத் தனி வடிவம் என்கிறது. லிவ் உங்களுக்குப் பொருந்துகிறதா, தாராளமாக வாங்குங்கள். பொருந்துவதால் வாங்குங்கள், பெண் என்பதால் அல்ல.

அப்படியானால் நம் பெண்களுக்குக் கழுத்து வலியும் உள்ளங்கை மரப்பும் ஏன் வருகின்றன? உயரத்தால். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. உலகச் சந்தைக்கு ஃபிரேம் வரைபவர்கள் நடு சைஸை மனத்தில் வைத்து வரைந்து, அதிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வருகிறார்கள். சக்கரம் மட்டும் அதே 700சி அளவு. ஃபிரேமைச் சுருக்கிக்கொண்டே போனால் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஒரு தந்திரம் செய்கிறார்கள். சீட்டைத் தாங்கும் சீட் டியூபைச் செங்குத்தாக்கிவிடுகிறார்கள், 73 பாகை இருந்த இடத்தில் 75 பாகை. இதனால் டாப் டியூப், அதாவது நடுக்கம்பி, காகிதத்தில் குட்டையாகத் தெரியும். ஆனால் முழங்காலுக்குச் சரியான இடத்தில் உட்கார நீங்கள் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். பாகைக்கு ஏறத்தாழ 1 செ.மீ. போய்விடும். குறைந்ததாகச் சொன்ன நீளம் திரும்ப வந்துவிட்டது. எக்ஸ்எஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பி வாங்கியவர் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கோவளம் வரை கையை நீட்டிக்கொண்டு தொங்கிப்போவது இதனால்தான்.

ஆகவே ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் நுழையும் ஹெட் டியூபின் உச்சி வரை, நேர் மேலே எவ்வளவு என்பது ஸ்டாக், கிடையாக முன்னே எவ்வளவு என்பது ரீச். சீட் டியூப் எப்படிச் சாய்ந்தாலும் இவை பொய் சொல்லாது. நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் இரண்டும் இருக்கும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கடையில் ரோட் பைக் வாங்காதீர்கள். ரவிக்கை தைப்பவர்கூட உயரத்தை மட்டும் கேட்டுத் துணியை வெட்டுவதில்லை. பல ஆயிரம் ரூபாய் வண்டியை “அஞ்சடி ரெண்டா? எஸ் எடுத்துக்கோங்க மேடம்” என்று தள்ளிவிடுகிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

இன்னும் மோசமானது, “எம் தான் கடையில் இருக்கு, சீட்டை இறக்கினா போதும்” என்பது. போதாது. சீட் கீழே போகும், ஹேண்டில் பக்கத்தில் வராது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டாலும் கிடைப்பது 3 செ.மீ. தான்.

சீட்டில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும் என்பார்கள். கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்க வேண்டும். சீட் அதற்கும் கீழே தாழ்ந்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அதே அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரையான தொடக்க உயரம் கிடைக்கும். உள்கால் 70 செ.மீ. என்றால் ஏறத்தாழ 62 செ.மீ. நிற்க வேண்டுமானால் சீட்டை விட்டு முன்னே இறங்கி நில்லுங்கள்.

மெத்தென்ற ஜெல் சீட் வேண்டாம். உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுவில் இருக்கும் மென்மையான பகுதி நசுங்கும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி சராசரியாக அதிகம் என்பது உண்மை. அதற்குத் தேவை சரியான அகலமுள்ள சீட், வேறு ஃபிரேம் அல்ல. ஹேண்டில் பாரும் அப்படித்தான். தோள் அகலம் 36 செ.மீ. இருப்பவருக்கு 42 செ.மீ. பாரைக் கொடுத்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்யும். பெடலைத் தாங்கும் கிராங்க் 165 அல்லது 160 மி.மீ. நீளத்தில் கேளுங்கள். “அது சின்னப் பிள்ளைகளுக்கு” என்று யாராவது சிரித்தால், 176 செ.மீ. உயரமுள்ள சைக்கிள் பந்தய வீரர் போகச்சார் 2024 டூர் டி பிரான்ஸை வென்றது 165-ல் என்று சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று இன்னும் சொல்லும் மாமியார்களுக்கு: இறங்காது.

“நடுக்கம்பி வைத்த வண்டி பெண்ணுக்கு ஆகாது” என்பதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை. கம்பியைத் தாழ்த்தியது நீளப் பாவாடைக்காக. இங்கே நம்மில் பலர் பழகிய பிஎஸ்ஏ லேடிபேர்டும் அந்த வழியில் வந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது லேடீஸ் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். புடவை கட்டிய அந்தப் பெண்களைவிட நமக்கு என்ன தடை?

இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் நம் மாநிலத்தின் பெருமை. ஆனால் அகரம்தென் சாலையில் காலை வேளையில் நின்று பாருங்கள். சீட் அடிமட்டத்தில் இருக்க, முழங்கால் ஹேண்டிலில் முட்ட மிதித்துக்கொண்டு போகிறார்கள் பதினாறு வயதுப் பிள்ளைகள். யாரும் அவர்களுக்குச் சீட்டை ஏற்றிக் கொடுக்கவில்லை. தலைமையாசிரியர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, சைக்கிள் வழங்கும் நாளில் மேடைக்குப் பக்கத்தில் ஒருவரை ஸ்பானரோடு உட்காரவையுங்கள். ஒவ்வொரு மாணவியும் அடியில் இருக்கும் பெடலில் குதிகாலை வைத்து, கால் நீளும் வரை சீட்டை ஏற்றி இறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.