மலையோடைத் தவளை

உயிர்நூல் வல்லார் செய்யும் முதற்பணி, உயிர்களை இனம் பிரித்து அறிதலாகும். இப்பணி வெறும் பெயரிடும் பணியன்று. ஓர் உயிரைக் காப்பதற்கும் அதுவே அடிப்படையாகும். இவ்வுண்மையை நீலகிரியில் வாழும் ஒரு சிறு மரத்தவளை நமக்கு உணர்த்துகின்றது.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் என்பார், 1853ஆம் ஆண்டில் இத்தவளையை விவரித்து, 'வேரியாபிலிஸ்' என்று பெயரிட்டார். 'மாறும் தன்மையது' என்பது அச்சொல்லின் பொருள். இதன் நிறம் பசுமையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். விரல் நுனிகளில் உள்ள வட்டமான தட்டுகள், இலைகளையும் கிளைகளையும் பற்றிக்கொள்ள உதவுகின்றன. இது மலையோடைகளை அடுத்து நுரைக்கூடு அமைத்து முட்டையிடும். தலைப்பிரட்டைகள் அவ்வோடை நீரிலேயே வளரும்.

ஜெர்டன் இதனைப் 'பாலிபீடேட்டஸ்' என்னும் பேரினத்தில் சேர்த்தார். 155 ஆண்டுகள் சென்றபின், 2008ஆம் ஆண்டில், டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிஜுவும் பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவரும் இதன் மரபணுக்களை ஆராய்ந்தனர். இது தனியொரு கிளையைச் சார்ந்தது என்று கண்டு, 'காட்டிக்ஸாலஸ்' என்னும் புதிய பேரினத்தை வகுத்தனர். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளில் வாழும் தவளை வேறோர் இனம் என்பதும் அப்போது தெளிவாயிற்று. அதன் கண்ணில் விண்மீன் போன்ற கோலம் காணப்படுவதால், 'அஸ்டெராப்ஸ்' என்று பெயரிட்டனர். 2015ஆம் ஆண்டில், இப்பேரினத்துள் பெரியதான 'மேக்னஸ்' என்னும் மூன்றாம் இனமும் தென்மலைகளிலிருந்து விவரிக்கப்பட்டது.

வடக்கில் ஓரினமும் தெற்கில் வேறினங்களும் வாழக் காரணம் யாது? மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குப் பிளந்து நிற்பது பாலக்காட்டுக் கணவாய். அது தாழ்ந்த, வெப்பம் மிக்க நிலம். குளிர்ந்த மலையுச்சியில் வாழும் தவளைக்கு அது கடத்தற்கரிய அகழி போன்றது. இருபுறத்தும் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த உயிர்கள் வெவ்வேறு இனங்களாயின என்பர் ஆராய்ச்சியாளர்.

இப்பாகுபாட்டால் விளையும் பயன் யாது? எல்லாம் ஓரினமே எனக் கருதின், நீலகிரித் தவளை அழிந்தாலும் தென்மலைகளில் எஞ்சியிருக்கும் என நாம் வாளா இருத்தல் கூடும். அவை வேறென அறிந்தபின் அவ்வாறு இருத்தல் இயலாது. சோலைகளை அழித்துத் தோட்டங்கள் ஆக்கினும், ஓடைகளை மாசுபடுத்தினும், நீலகிரித் தவளைக்குப் புகலிடம் வேறில்லை. ஓர் உயிரின் பெயரையும் இடத்தையும் பிழையற அறிதலே அதனைக் காக்கும் முதற்படியாகும்.