கைதட்டிய சேப்பாக்கம்

விளையாட்டில் பெருந்தன்மை குறைந்து வருகிறது என்று பலரும் கூறக் கேட்கிறோம். ஆட்டக்காரரை மட்டும் குறை கூறுவதை நான் ஏற்பதில்லை. பார்ப்பவர்க்கும் அதில் பங்குண்டு.

1996 மார்ச் 13 அன்று, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தடுமாறியபோது கூட்டம் புட்டிகளை வீசியது. இருக்கைகளுக்குத் தீ வைத்தது. ஆட்டம் நின்றது, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தான் இங்கு வந்து ஆடவே கூடாதென்று டெல்லி ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் போட்ட மாதம் அது. இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 எடுத்து வெளியேறியபோது வேண்டியிருந்தவை 17 ஓட்டங்களே. கையில் 3 விக்கெட்டுகள். நான்கே ஓட்டங்களில் அவையும் போயின. அரங்கம் சற்று நேரம் திகைத்தது. பின் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரம் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றனர்.

எங்கள் ஜவ்வாது மலையில் சடுகுடு ஆடுவோம். தொட்டது பட்டதா என்பது பல வேளைகளில் பட்டவனுக்கே தெரியும். அவனே வெளியேறிய காலமும் உண்டு என்பார்கள் பெரியவர்கள். இன்று நடுவரைச் சூழ்ந்துகொள்கிறோம். மலைக்குக் கீழே ஆடச் சென்றபோது, தோற்றதற்காக அன்றி, மலைக்காரர் என்பதற்காக எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆட்டம் எங்கள் ஊரில். அவர்களும் வருவார்கள், கூட்டத்தில் நானும் நிற்பேன்.