எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் கர்ப்பமா? சாப்பாட்டில் கவனம்!

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்கள் 12 முதல் 18 மாதம் கழித்துக் கருத்தரிப்பதே நல்லது. பண்டாரவளைப் பக்கத்துத் தங்கைகளே, இவற்றை மனதில் வையுங்கள்:

• முதல் கிளினிக்கிலேயே மருத்துவ மாதுவிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லுங்கள். இரும்பு, பி12, விட்டமின் டி அளவுகளை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

• நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். தட்டில் பருப்பு, நெத்தலி, முட்டையை முதலில் சாப்பிடுங்கள். ரொட்டி, சோறு பிறகு. ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்து, நன்றாக மென்று விழுங்குங்கள்.

• தேத்தண்ணி இரும்புச்சத்தைச் சேரவிடாது. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணியைத் தவிருங்கள். இரும்பு மாத்திரைக்கும் கல்சியம் மாத்திரைக்கும் இடையே 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

• திரிபோஷாவில் சீனி கொட்டாதீர்கள். கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துச் சிறு உருண்டையாகப் பிடியுங்கள். அதிக இனிப்பு வியர்வை, படபடப்பு, மயக்கத்தைக் கொண்டுவரும்.

• இதே காரணத்தால், சர்க்கரைப் பரிசோதனையின் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பதிலாக, சில நாட்கள் விரலில் குத்திப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

• விட்டமின் ஏ மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள்; அளவு மிஞ்சினால் குழந்தையைப் பாதிக்கும்.

• ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று யார் வற்புறுத்தினாலும் அளவைக் கூட்டாதீர்கள், சத்தைக் கூட்டுங்கள்.